நேர்காணல் 25 நிமிடத்தில் முடிந்துவிட்டது, என் மகனின் வாய்ப்பு போய்விட்டதா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க ஆசை. எட்டு வயதிலிருந்து மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். கடும் போட்டியுள்ள மூன்று தனியார் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரியில் விண்ணப்பித்திருக்கிறான். முதல் பல்கலைக்கழகத்தின் சார்பில் முன்னாள் மாணவர் ஒருவர், வயதில் பெரியவர், ஊர் நூலகத்தில் அவனைச் சந்தித்தார். 25 நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அதே கல்லூரிக்கு விண்ணப்பித்த நண்பனிடம் வேறொருவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினாராம். போதாக்குறைக்கு, "உங்க ஆளுங்க எல்லாருமே கம்ப்யூட்டர்தானே எடுக்கிறீங்க, வீட்டில் சொல்லித்தானே?" என்றும் கேட்டிருக்கிறார். பையன் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். பெற்றோருக்குத்தான் தூக்கம் போயிற்று.

இரண்டாவது கல்லூரியின் நேர்காணல் அடுத்த வாரம், ஜூமில். மூன்றாவது கல்லூரியிலிருந்து அழைப்பே வரவில்லை. "மறு நேர்காணல் கேட்டு எழுத வேண்டும், தேவைப்பட்டால் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்கிறார் என் கணவர். எனக்கோ, அந்தப் பெரியவருக்கு ஒரு நல்ல பரிசு அனுப்பினால் என்ன என்று தோன்றுகிறது. கோயிலில் பழக்கமான ஒருவர் அதே கல்லூரியில் படித்தவர், அவரிடம் கடிதம் வாங்கலாமா? அடுத்த நேர்காணலுக்கு மணிக்கு 400 டாலர் வாங்கும் பயிற்சியாளரை வைக்கலாமா? நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் இடம் கிடைத்துவிட்டது, அது வேறு விஷயம். இந்தப் பெரிய கல்லூரி போய்விட்டதோ என்றுதான் பயம்" என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

போகவில்லை. அந்த 25 நிமிடத்தால் உங்கள் மகனின் வாய்ப்பு போய்விட்டது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் தனி விஷயம். அதை லேசாக விட எனக்கு மனமில்லை, பிறகு வருகிறேன். முதலில் இந்த நேர்காணல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வேலைக்கான இன்டர்வியூவை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பதால்தான் பாதிப் பயம் வருகிறது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதிரே இருப்பவர் முடிவெடுப்பவர். இங்கே எதிரே இருப்பவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். படித்த கல்லூரி மீது பற்று வைத்து, வேலை முடிந்த மாலையிலோ சனிக்கிழமையிலோ நேரம் ஒதுக்குகிறவர். பெரும்பாலான கல்லூரிகளில் மதிப்பெண்ணோ கட்டுரையோ ஆசிரியர் பரிந்துரையோ அவர் கைக்கு வராது. பையனின் பெயர், பள்ளி, தொடர்பு விவரம், சில இடங்களில் என்ன படிக்க விரும்புகிறான் என்பது வரைதான் தெரியும். பேசி முடித்ததும் சில பத்திகளில் ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார். அது கோப்பில் இருக்கும் பல தாள்களில் ஒன்றாகச் சேரும். முடிவு எடுப்பது சேர்க்கை அலுவலகத்தின் குழு.

ஒரு கணக்கு சொல்கிறேன். 2024இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் 54,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது 2,000 பேருக்கும் குறைவு. அதாவது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. இந்த விகிதத்தில், ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளைச் சந்திக்கும் ஒரு தன்னார்வலர் தான் பேசியவர்களில் ஒருவருக்கு இடம் கிடைத்ததைப் பார்க்கச் சராசரியாக மூன்று ஆண்டு ஆகும். அவர் வாயாரப் புகழ்ந்து எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் இடம் கிடைத்திருக்காது. அந்த ஒன்றேகால் மணி நேரப் பேச்சு உங்கள் மகனின் நண்பனுக்கும் உத்தரவாதம் இல்லை. முப்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பேசுவது வழக்கம். சிலர் கதை பேசுவார்கள், சிலர் கேட்டதை எழுதிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இந்த வழக்கத்தையே சில பெரிய கல்லூரிகள் விட்டுவிட்டன. சிகாகோ பல்கலைக்கழகமும் பிரவுனும் முன்னாள் மாணவர் நேர்காணலை நிறுத்தி, மாணவரே ஒரு சிறு வீடியோ எடுத்து அனுப்ப இடம் கொடுத்தன. கொலம்பியா 2023இல் நிறுத்தியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இதை 'உரையாடல்' என்றுதான் இப்போது சொல்கிறது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களான பெர்க்லியும் யூசிஎல்ஏவும் சாதாரணச் சேர்க்கைக்கு நேர்காணல் வைப்பதே இல்லை. மறுபக்கம், ஜார்ஜ்டவுன் போன்ற கல்லூரிகள் ஆள் கிடைக்கும் ஊர்களில் எல்லா விண்ணப்பதாரரையும் சந்திக்க வேண்டும் என்று வைத்திருந்தன. ஆக, ஒரே மாதிரி விதி இல்லை. ஆனால் நேர்காணலில்தான் முடிவு என்றால் இத்தனை கல்லூரிகள் இவ்வளவு எளிதாக அதைக் கைவிட்டிருக்க மாட்டா.

அதற்காகச் சுத்தமாக மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆசிய அமெரிக்க மாணவர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்டு மீது 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கில் வெளிவந்த ஆவணங்களைப் பார்த்தால், அங்கே முன்னாள் மாணவர்கள் படிப்பு, பிற ஈடுபாடுகள், ஆளுமை, மொத்தம் என்று தனித்தனியாக எண் போடுகிறார்கள் என்பது தெரிகிறது. கோப்பில் இருப்பது உண்மைதான் என்று உறுதிப்படுத்தும் நல்ல அறிக்கை கொஞ்சம் உதவும். திமிராகப் பேசினான், எழுதியதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்ற அறிக்கை கெடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாதாரண அறிக்கை, உங்கள் மகனுடையதும் அதுவாகவே இருக்கலாம், பெரிதாக எதையும் நகர்த்தாது.

நம் பிள்ளை என்பதால் குறைத்துப் போடுவார்களா?

உங்கள் கணவரின் இந்தச் சந்தேகத்தை வீண் சந்தேகம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நேர்காணலின் பூர்வீகமே அவ்வளவு நல்லதல்ல. 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளில் யூத மாணவர்கள் தேர்வு எழுதி நிறையப் பேர் உள்ளே வரத் தொடங்கினார்கள். ஹார்வர்டு தலைவர் லோவெல் 1922இல் அவர்களுக்கு வெளிப்படையாகவே ஒரு வரம்பு வைக்கப் பார்த்தார். அது எடுபடாமல் போகவே, 'குணநலன்' என்று ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். புகைப்படம், நேரில் பார்ப்பது, பரிந்துரைக் கடிதம் எல்லாம் அந்தக் காலத்தில்தான் சேர்க்கையில் இடம் பிடித்தன. யாரை வெளியே நிறுத்துவது என்று பார்க்கவும் அவை பயன்பட்டன.

ஆனால் நமக்கு நெருக்கமான ஒரு விஷயம் அதே ஹார்வர்டு வழக்கில் வந்தது. சேர்க்கை அலுவலகம் போடும் ஆளுமை மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குக் குறைவாக வந்தது. அந்த அலுவலர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை நேரில் பார்க்காதவர்கள். நேரில் உட்கார்ந்து பேசிய முன்னாள் மாணவர்களோ வெள்ளை மாணவர்களுக்குப் போட்ட அளவை ஒட்டியே இவர்களுக்கும் போட்டிருந்தார்கள் என்று வழக்குத் தொடுத்த தரப்பு புள்ளிவிவரத்தோடு வாதிட்டது. வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபணம் இல்லை என்று கீழ் நீதிமன்றம் 2019இல் சொன்னது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையையே உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ரத்து செய்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: நம் பிள்ளைகளை நேரில் பார்த்தவர்கள் மொத்தத்தில் அவர்களைக் குறைவாக எண்ணவில்லை. நேர்காணலைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

அந்தக் கேள்வியை என்ன செய்வது?

அது தவறான கேள்வி. "கம்ப்யூட்டர் சயின்ஸ் எப்படிப் பிடித்தது?" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. "உங்க ஆளுங்க எல்லாரும்" என்று தொடங்க உரிமை இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது மகன் வழியாக, அதுவும் தமிழில். அதனால் முதலில் செய்ய வேண்டியது, அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொன்ன வார்த்தையை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நீ என்ன பதில் சொன்னே? உனக்கு எப்படி இருந்தது?" என்றும் கேளுங்கள். கடிதம் முழுவதும் உங்கள் கோபம் இருக்கிறது, உங்கள் கணவரின் கோபம் இருக்கிறது. பையன் என்ன நினைக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை.

"உன் விருப்பமா, வீட்டு விருப்பமா?" என்ற அளவில்தான் கேள்வி இருந்தது என்றால் விட்டுவிடலாம். எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கும் கேள்விதான் அது. உண்மையிலேயே இனத்தையோ பூர்வீகத்தையோ சுட்டிக் கேட்டிருந்தால், என் கருத்து, எழுத வேண்டும். எழுத வேண்டியவன் உங்கள் மகன். தன் மின்னஞ்சலிலிருந்து, சேர்க்கை அலுவலகத்துக்கு, ஆறேழு வரியில்: எந்த நாள், எங்கே, யாரோடு பேசினேன், அவர் சொன்ன வாக்கியம் இது, அறிக்கையைப் படிக்கும்போது இதைக் கருத்தில் கொள்ளுங்கள். அவ்வளவுதான். தனக்குத் தயக்கமாக இருந்தால் பள்ளி கவுன்சலர் மூலம் சொல்லலாம். அதுவும் முறையான வழிதான். முடிவுகள் மார்ச் கடைசியில் வருவதால் இந்த வாரமே அனுப்பிவிடுவது நல்லது. முடிவு வந்த பிறகு எழுதினால் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் எழுதியதாகவே படும்.

புகார் செய்தால் பையனைக் கழித்துவிடுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். நிதானமாக, நடந்ததை மட்டும் சொல்லும் ஒரு கடிதத்துக்காக யாரும் பிள்ளையைத் தண்டிப்பதில்லை. தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு போகும் தன்னார்வலர் என்ன பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அந்த அலுவலகத்துக்கே உண்டு. அதே மனிதர் அடுத்த வாரம் இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சந்திக்கப் போகிறார். மறு நேர்காணல் வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். அவர்களாகக் கொடுத்தால் சரி.

வக்கீல் இப்போது தேவையில்லை. அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமை உங்கள் மகனுக்கு நிச்சயம் உண்டு. ஆனால் முடிவே வராத நிலையில், ஒரு தன்னார்வலரின் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வழக்கு என்று போனால் கையில் நிற்க ஒன்றும் இருக்காது. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்களைப் பையன் அதிலேயே கழிப்பான்.

அறிக்கையில் என்ன எழுதினார் என்று பார்க்க முடியுமா என்கிறார் உங்கள் கணவர். இப்போது முடியாது. ஃபெர்ப்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டம் தன் கோப்பைப் பார்க்கும் உரிமையைத் தருவது, அந்தக் கல்லூரியில் சேர்ந்து படிக்கும் மாணவனுக்கு மட்டும். சேர்ந்த பிறகு கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும், அதுவும் அந்தத் தாள் இன்னும் இருந்தால். 2015இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் இப்படிக் கேட்டுப் பார்த்து அதை எல்லோருக்கும் சொன்ன பிறகு, சில கல்லூரிகள் அந்தக் குறிப்புகளை வைத்திருப்பதையே நிறுத்திவிட்டன.

பரிசும் சிபாரிசும்

தயவுசெய்து எதையும் அனுப்பாதீர்கள். கூடைப் பழமும் வேண்டாம், பட்டுத் துண்டும் வேண்டாம், கிஃப்ட் கார்டு வேண்டவே வேண்டாம். நம் ஊரில் வெறுங்கையோடு போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. இங்கே அறிக்கை எழுதும் ஒருவருக்கு, எழுதும் காலத்தில், பெற்றோரிடமிருந்து பொருள் போனால் அதற்கு வேறு பெயர். நேர்மையானவர் என்றால் அதைச் சேர்க்கை அலுவலகத்துக்குத் தெரிவிப்பார், அது பையனின் கோப்பில் போய் உட்காரும். நன்றி சொல்லி மகன் நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும். அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டிருந்தால் அதையும் அனுப்ப வேண்டியதில்லை.

கோயில் நண்பரின் கடிதமும் அப்படித்தான். பையனோடு வேலை செய்யாத, அவனுக்குப் பாடம் சொல்லித்தராத ஒருவர் "நல்ல குடும்பம், எனக்குத் தெரியும்" என்று எழுதினால் அலுவலகத்தில் யாருக்கும் அதில் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. அவருடைய நட்பை வேறு விதத்தில் பயன்படுத்தலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

அழைப்பே வராத மூன்றாவது கல்லூரி

இதற்காகவும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பங்கள் அதிகம், தன்னார்வலர்கள் குறைவு. கூடுதல் தகவல் தேவைப்படும் மாணவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து நேர்காணல் வைப்பதாக யேல் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆள் கிடைக்காமல் நேர்காணல் நடக்காவிட்டால் பாதகம் இல்லை என்று எம்ஐடி சொல்கிறது. கோப்பே தெளிவாக இருக்கிறது என்பதாலும் அழைப்பு வராமல் இருக்கலாம். அவன் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் கல்லூரியின் போர்ட்டலையும் தினம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அழைப்பு தனிமனிதரின் ஜிமெயில் முகவரியிலிருந்து வருவது உண்டு, பிள்ளைகள் விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். வந்தால் ஓரிரு நாளில் பதில் போக வேண்டும், அவன் கையால்.

அடுத்த வாரத்து ஜூம்

400 டாலர் வேண்டாம். நீங்கள் 40 கேள்விக்குப் பதில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சந்திப்பு 25 நிமிடத்தில் முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒப்பிக்கும் பதிலுக்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்காது. அடுத்த கேள்வி, அடுத்த பதில் என்று ஓடி முடிந்துவிடும்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு இடம் இருந்தது. குளிர்காலத்தில் வீட்டில் ஹீட்டர் ஓடும்போது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பிய ரவை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, வாசிப்பின் நடுவிலேயே நாதம் மாறுகிறது என்று புலம்பிக்கொண்டு, அறையின் ஈரப்பதத்தை அளக்கச் சின்னதாக ஒரு கருவி செய்து, மூலையில் ஹ்யூமிடிஃபையரைத் தானாக ஓடவைத்திருக்கிறான் என்று. இதை நீங்கள் "வீட்டை ஒயரால் நிரப்பிவிட்டான்" என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள்! சகோதரி, இதுதான் அவன் பேச வேண்டியது. "ரோபாட்டிக்ஸ் கிளப், மூன்று வருடம், துணைத் தலைவர்" என்பது விண்ணப்பத்தில் ஏற்கனவே இருக்கிறது. இதைக் கேட்டால் எதிரே இருப்பவர் மிருதங்கம் என்றால் என்ன, தோலில் ரவையை ஏன் அப்புகிறீர்கள், அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்பார். பேச்சு தானாகப் போகும். கம்ப்யூட்டர் சயின்ஸ் யார் விருப்பம் என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

கோயில் நண்பருக்கு வேலை இங்கேதான். பையனுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு பெரியவரோடு அரை மணி நேரம் பேசிப் பழகத் தேவை. அவரிடம் சொல்லி ஒருநாள் ஜூமில் பேசவையுங்கள். நீங்கள் இருவரும் அறையில் இருக்கக் கூடாது. கல்லூரியைப் பற்றி அவனையும் இரண்டு மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள், இணையத்தில் பார்த்தால் கிடைக்கிற கேள்வி வேண்டாம். "அங்கே படித்ததில் இப்போதும் உங்களுக்கு உதவுவது எது?" என்று கேட்டால் முன்னாள் மாணவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். நேர்காணல் அன்றும் அப்படியே. லேப்டாப்புக்குப் பின்னால் நின்று சைகை காட்டாதீர்கள், திரையில் பையனின் கண் எங்கே போகிறது என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும். நேரில் சந்திப்பு என்றால் நூலகம், காபிக் கடை போன்ற பொது இடமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வரச் சொன்னால் இடத்தை மாற்றக் கேட்கலாம், அதனால் ஒன்றும் குறையாது.

கடைசியாக ஒன்று. ரட்கர்ஸில் இடம் கிடைத்ததை "அது வேறு விஷயம்" என்று ஒற்றை வரியில் தள்ளியிருக்கிறீர்கள். வீட்டில் யாராவது பையனைப் பாராட்டினீர்களா? உள்மாநிலக் கட்டணத்தில் நல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை, வீட்டிலிருந்து காரில் போகும் தூரம், இப்போதே கையில் இருக்கும் இடம். மற்ற மூன்றிலும் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மே 1ஆம் தேதிக்குள் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நிதி உதவிக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அப்போது அதிக நேரம் இருக்காது. ஏப்ரலில் இடம் கிடைத்த மாணவர்களை ரட்கர்ஸ் வளாகத்துக்கு அழைக்கும் நாளுக்கு இப்போதே பதிவு செய்துவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.